பாட்டன் பெயரைச் சொல்ல அஞ்சுவதேன்?

ஒரு வகுப்பறையை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். பதினைந்து வயதுப் பிள்ளைகள். ஆசிரியர் பட்டாணிச் செடியைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். நெட்டைச் செடியும் குட்டைச் செடியும் கலந்தால் எது பிறக்கும், அதன் வழியில் அடுத்து எது பிறக்கும் என்று விளக்குகிறார். பிள்ளைகள் கேட்கின்றனர், குறித்துக்கொள்கின்றனர். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுகிறான்.

"ஐயா! எனக்கு என் அப்பா. அவருக்கு என் தாத்தா. தாத்தாவுக்கு அவருடைய அப்பா. இப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், முதலில் இருந்தது யார் ஐயா?"

வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியர் சிரிக்கவில்லை. விடை அவருக்குத் தெரியும். ஆனால் கையிலுள்ள நூலைப் பார்க்கிறார். அந்தப் பக்கம் அதில் இல்லை. "அது தேர்வுக்கு வராது தம்பி, உட்கார்" என்கிறார்.

உட்கார்ந்தது சிறுவன் மட்டுமா? அவன் உள்ளத்திலே எழுந்து நின்ற கேள்வியும் சேர்ந்தே உட்கார்ந்துவிட்டது. ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டால், அதன் பின்னே எழ வேண்டிய நூறு கேள்விகள் எழாமலே போய்விடும். அறிவு வளர்க்கக் கட்டிய கூடத்தில் அறிவுக்கு அமைதி உத்தரவு! இது முறைதானா? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி.

காட்சி கற்பனைதான், காரணம் கற்பனையன்று. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மரபும் பரிணாமமும் என்று இருந்த பாடம், 2023இல் வந்த பதிப்பில் மரபு என்று மட்டும் சுருங்கிற்று. உயிர்கள் எப்படிக் கிளைத்தன, மனிதன் எவ்வழி வந்தான் என்ற பகுதிகள் நீக்கப்பட்டன. பட்டாணி தங்கிற்று; பாட்டன் போனான்! 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் பொதுமக்களும் கையொப்பமிட்டு, இது தகாது என்று அந்த ஆண்டிலேயே மடல் விடுத்தனர்.

பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் பட்ட பாடு பெரிது, ஆகவே பாடச்சுமையைக் குறைத்தோம் என்று காரணம் கூறப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அந்தப் பாடம் இருக்கிறதே என்றும் கூறப்பட்டது. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பின் உயிரியலை எடுத்துப் படிப்போர் எத்தனை பேர்? வணிகம் பயில்வோர், வரலாறு பயில்வோர், தொழிற்பயிற்சிக்குச் செல்வோர், பள்ளியை விட்டே வெளியேறி உழைக்கப் போவோர், இவர்களெல்லாம் தம் பிறப்பின் வரலாற்றை அறியத் தகாதவர்களா? மருத்துவராகப் போகிறவருக்கு மட்டும்தான் முன்னோர் உண்டா? மரம் அறுப்பவருக்கு இல்லையா? எல்லாரும் ஒரே பலகையில் அமர்ந்து அறிவியல் கற்கும் கடைசி ஆண்டு பத்தாம் ஆண்டு. அந்த ஆண்டிலே நீக்குவது சுமையை இறக்குவதாகாது. சோற்றை இறக்கிவைத்துவிட்டு வெறும் பாத்திரத்தைத் தலையில் ஏற்றுவதாகும்.

இந்த அச்சம் நம் நாட்டுக்கே உரியதன்று. 1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. மனிதன் தாழ்ந்த விலங்கினத்திலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பது குற்றம் என்றது அச்சட்டம். அதைச் சோதித்துப் பார்க்கவென்றே டேட்டன் என்னும் சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் வழக்குக்கு உடன்பட்டார். சூலைத் திங்களில் வழக்கு நடந்தது. குற்றவாளி என்று தீர்ப்பு. 100 டாலர் தண்டம். நடைமுறைப் பிழை ஒன்றைக் காட்டி 1927இல் மேல்மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. சட்டமோ 1967 வரை, 42 ஆண்டுகள், ஏட்டிலே நீடித்தது. இதிலே கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சட்டம் புல்லைப் பற்றிப் பேசவில்லை. பூச்சியைப் பற்றிப் பேசவில்லை. மீன் தவளையான கதையை எவரும் சொல்லலாம். மனிதனைப் பற்றி மட்டும் வாய் திறக்கலாகாது! ஆக, அச்சம் அறிவியலைக் கண்டு எழுந்ததன்று. கண்ணாடியைக் கண்டு எழுந்தது.

கண்ணாடியில் தெரிவதுதான் என்ன? ஆசிரியர் நாற்பது நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதே.

பிள்ளைகளைத் தம் முதுகின் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். அங்கே சிறு எலும்புகள் சில ஒட்டிக்கிடக்கின்றன. வால் எலும்பு என்கிறோம். கருவில் ஐந்தாம் வாரத்தை ஒட்டி நம் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு வால் இருந்தது. பின்னர் அது மறைந்தது. குளிரடித்தால் நமக்கு மயிர்க்கூச்செறிகிறதே, எதற்காக? அடர்ந்த மயிருடைய உயிருக்கு அது போர்வையை உப்பவைக்கும் வேலை. போர்வை போயிற்று, வேலை மட்டும் நிற்கவில்லை. நம் உயிரணுவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. சிம்பன்சிக்கு 24 இணை. ஓர் இணை எங்கே போயிற்று? நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவில், முனையில் மட்டுமே இருக்க வேண்டிய பகுதி கிடக்கிறது. இரண்டு துண்டுகளை ஒன்றாக ஒட்டிய தையல்தடம் அது. எந்த நீதிமன்றத்திலும் செல்லத்தக்க சான்று.

மண்ணும் சாட்சி சொல்லுகிறது. 1924இல் தென்னாப்பிரிக்காவில் தாவுங் என்னுமிடத்தில் ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. 1974இல் எத்தியோப்பியாவில், 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிமிர்ந்து நடந்த ஓர் உயிரின் எலும்புக்கூடு கிடைத்தது. லூசி என்று பெயரிட்டனர். தான்சானியாவின் லேட்டோலியில் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகள் அழியாமல் இருக்கின்றன. நம் இனத்தவரின் எலும்புகளுள் மிகப் பழையவையாகக் கருதப்படுபவை மொராக்கோவின் செபல் இருட் என்னுமிடத்தில் கிடைத்தவை. அவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டு என்று 2017இல் அறிவித்தனர்.

"குரங்கு மனிதனானதை யார் கண்டார்? நம் முன்னோர் எவரும் கண்டதாக எழுதவில்லையே!" என்று 2018இல் ஒன்றிய இணையமைச்சர் ஒருவர் கேட்டார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் ஒன்றுகூடி மறுப்பு விடுத்தன. அமைச்சரின் கேள்விக்கு விடை எளிது. ஆலமரம் வளர்வதை ஒரே இரவில் உட்கார்ந்து யார் கண்டார்? விழுதைக் கண்டு வயதை அறிகிறோம். தாத்தாவின் தாத்தா பிறந்ததை நாம் கண்டோமா? அதனால் அவர் பிறக்கவேயில்லை என்போமா?

இன்னொரு கேள்வி, பள்ளிப்பிள்ளையும் கேட்பது, படித்தவரும் கேட்பது. "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்றைக்கும் குரங்கு ஏன் இருக்கிறது?" ஐயா, நம் வீட்டுப் பங்காளிகளை எண்ணுங்கள். நாம் அவர்களுக்குப் பிறந்தோமா? இல்லை. நமக்கும் அவர்களுக்கும் ஒரே பாட்டனார், கிளை வேறு. சிம்பன்சி நம் தந்தையன்று, நெடுந்தொலைவுப் பங்காளி. ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொதுக் குடும்பம் பாகம் பிரிந்தது. பங்காளி உயிரோடு இருப்பது பாட்டன் இருந்ததற்கு மறுப்பாகுமா? அவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்ல ஏன் நடுங்க வேண்டும்?

நடுங்குவோர் தரும் காரணங்களை ஒதுக்கித் தள்ளாமல் எடுத்து நிறுத்துப் பார்ப்பதே நேர்மை.

முதற் காரணம்: விலங்கிலிருந்து வந்தவன் என்று சொன்னால் மனிதனின் மாண்பு குறையும் என்பது. நாம் கேட்கிறோம், சேற்றிலே முளைத்தது என்பதால் தாமரையின் அழகு குறைந்ததா? குடிசையில் பிறந்தவன் கல்வியால் உயர்ந்தால் பாராட்டுகிறோமே, அவன் குடிசையை மறைத்தால்தான் மதிப்பா? கல்லைத் தட்டிக் கூர்மையாக்கக் கற்று, நெருப்பை அடக்கக் கற்று, பேசக் கற்று, பாடக் கற்று, இறந்தவருக்காக அழக் கற்று, இத்தனை தொலைவு வந்திருக்கிறோம். உயரத்திலே வைக்கப்பட்டவனைவிட உயரத்துக்கு ஏறி வந்தவனுக்கே பெருமை மிகுதி.

இரண்டாம் காரணம் இதைவிடக் கனமானது. வலியது வாழும், மெலியது மாயும் என்று பிள்ளைக்குக் கற்பித்தால், மெலியவனை மிதிக்கும் துணிவும் கூடவே வராதா என்பது. டேட்டன் வழக்கில் சட்டத்தின் பக்கம் வாதாடிய வில்லியம் செனிங்ஸ் பிரையன் இந்த அச்சத்தோடு நின்றவர். அவர் உழவருக்காகவும் உழைப்பாளருக்காகவும் குரல் கொடுத்தவர்; மும்முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர். அவர் அச்சம் வெற்றச்சம் அன்று. ஸ்கோப்ஸ் வகுப்பில் வைத்திருந்த பாடநூல், 1914இல் வெளிவந்த ஹண்டரின் குடிமை உயிரியல், மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் நிறுத்திற்று. தகுதியற்றவர் பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்றும் பேசிற்று. 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு, அவர் விருப்பமின்றியே, கருத்தடை செய்வது செல்லும் என்றது. 1933இல் இட்லரின் அரசு அதே வழியில் சட்டம் செய்தது. அதன் முடிவு உலகறிந்தது.

இதை மறைத்துவிட்டு நாம் அறிவியலுக்கு வாதாட மாட்டோம். மறைப்பது மாற்றார் வழி. நமக்கு அது வேண்டா. ஆனால் பழி எங்கே விழ வேண்டும் என்று பார்ப்போம். நடந்ததைச் சொல்வது வேறு. நடக்க வேண்டியதைச் சொல்வது வேறு. இயற்கை நடந்த கதையைச் சொல்லுகிறது. நடக்கும் நெறியை நாமே வகுக்கிறோம். பெருவெள்ளம் எப்படி வருகிறது என்று கற்பிப்பவன் வீடுகளை மூழ்கடி என்றா சொல்கிறான்? அணை கட்டு என்றல்லவா சொல்கிறான்! நோய் எப்படிப் பரவுகிறது என்று அறிந்தவனே நோயைத் தடுக்கிறான். தன்னலம் எங்கிருந்து வந்தது என்று அறிந்தவனே தன்னலத்தை அடக்க வழி காண்பான். டார்வினும் தம் காலத்து ஐரோப்பியரின் இனச்செருக்கிலிருந்து முற்றும் விடுபட்டவரல்லர். எனினும் 1871இல் மனிதனின் வழிமரபு பற்றி எழுதிய நூலிலே, மனிதன் நாகரிகம் பெறப் பெற அவனது பரிவு தன் கூட்டத்தைத் தாண்டி எல்லா நாட்டாரையும் எல்லா இனத்தாரையும் தழுவ வேண்டும் என்று வாதிட்டார். கெட்ட நூல் வந்ததற்கு மருந்து நல்ல நூல். நூலே வேண்டா என்பதன்று.

நல்ல நூல் என்ன சொல்லும்? தோலின் நிறம் என்பது கதிரவன் எழுதிய கணக்கு என்று சொல்லும். வெயில் கடுமையான நிலத்திலே கருநிறம் உடலைக் காத்தது. வெயில் குன்றிய நிலத்திலே வெளிர்நிறம் உடலுக்கு வேண்டிய வைட்டமின் உண்டாக உதவிற்று. இதிலே உயர்வெங்கே, தாழ்வெங்கே? எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் மரபணு எழுத்துகளில் வேறுபாடு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லும். இதைக் கற்ற பிள்ளை, கறுப்பி என்று தன் தங்கையை யாரேனும் இகழ்ந்தால் தலைகுனியாது. தலைநிமிர்ந்து விடை சொல்லும்.

இங்கேதான் இந்தப் பாடம் நம் நாட்டிலே வெறும் பாடமாக நிற்காமல் அறமாகிறது. முகத்திலே பிறந்தவன் ஒருவன், தோளிலே பிறந்தவன் ஒருவன், தொடையிலே பிறந்தவன் ஒருவன், காலிலே பிறந்தவன் ஒருவன் என்று இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலம் பேசுகிறது. பிறந்த இடத்தைக் காட்டி இருக்கும் இடத்தை வகுத்தது அக்கதை. அதைச் சொல்லியே கிணற்றை மறுத்தனர், தெருவை மறுத்தனர், ஏட்டை மறுத்தனர். படிமலர்ச்சிப் பாடமோ எல்லாரையும் ஒரே வாசல் வழியாகவே வந்தவராகக் காட்டுகிறது. கருவிலே வால் இருந்தது என்றால் அனைவருக்கும் இருந்தது. குருக்களுக்கும் இருந்தது, குப்பை அள்ளுபவருக்கும் இருந்தது! பிறப்பின் பெயரால் மேடை போட்டு அமர்ந்தவருக்கு இந்தப் பாடம் கசப்பதில் வியப்பென்ன?

ஆனால், அன்பர்களே, பிறர் கண்ணிலுள்ளதைச் சுட்டும் நாம் நம் கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டும். பத்து அவதாரக் கதையைக் காட்டி, மீன் வந்தது, ஆமை வந்தது, பன்றி வந்தது, இதுவே பரிணாமம் என்கின்றனர் சிலர். ஒருவரே வேண்டியபோது வேண்டிய வடிவெடுத்த கதை அது. முன்னறிந்த நோக்கம் எதுவுமின்றித் தலைமுறை தலைமுறையாக உயிர்கள் மாறிய வரலாறு இது. இரண்டும் ஒன்றல்ல என்று நாம் மறுக்கிறோம். அப்படியானால், தொல்காப்பியர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்தாரே, டார்வினுக்கு முன்பே தமிழன் கண்டான் என்று மேடையில் முழங்குவதையும் நாம் விட்டுவிட வேண்டும். தொல்காப்பியர் செய்தது கூர்மையான பகுப்பு. உயிர்களை உற்றுநோக்கியவரின் வேலை. அதற்குரிய பெருமை அதற்குண்டு. ஓர் உயிர் மற்றோர் உயிராக எப்படி மாறிற்று என்று அவர் கூறவில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி முன்னோருக்குச் சூட்டும் மாலை காகித மாலை. அவர்களுக்கு அது வேண்டா.

மூன்றாம் காரணம் பெற்றோரின் உரிமை. "என் பிள்ளைக்கு எதைச் சொல்வதென்று நான் முடிவு செய்வேன்" என்பது. பெற்றவருக்கு உரிமை உண்டு; தம் நம்பிக்கையை வீட்டிலே சொல்லலாம், தம் பாட்டைப் பாடலாம், தம் பண்டிகையைக் கொண்டாடலாம். ஆனால் பிள்ளை பெற்றோரின் உடைமையன்று, நாளைய குடிமகன். சாளரத்தைச் சாத்திவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. பள்ளி அப்பிள்ளையிடம் கேட்பது நம்பு என்றன்று. நோக்கு, நிறுத்துப் பார், பிறகு முடிவு செய் என்றே கேட்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் நம் அரசியல் சட்டத்திலேயே சேர்த்திருக்கின்றனர். கடமையைச் சட்டத்தில் எழுதிவிட்டுப் பாடத்தை நூலில் அழிப்பது எந்த முறை?

ஆசிரியருக்கும் ஒரு சொல். நம்பிக்கையுள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளையை வகுப்பிலே நிறுத்திவைத்து, உன் சாமி எங்கே என்று எள்ளி நகையாட இந்தப் பாடத்தைக் கருவியாக்க வேண்டா. போப் இரண்டாம் யோவான் பவுல் 1996இல், பரிணாமம் வெறும் ஊகத்தைக் கடந்த நிலையை எய்திவிட்டது என்று ஒப்புக்கொண்டார். கடவுளை நம்பிய உயிரியலாளர் பலர் இத்துறையை வளர்த்திருக்கின்றனர். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை அப்பிள்ளை வளர்ந்த பின் தானே நடத்திக்கொள்ளட்டும். சான்றுகளை அதன் கையில் கொடுப்பதே நம் கடமை. தீர்ப்பை அதன் நெற்றியில் ஒட்டுவதன்று. ஏளனத்தால் வாயடைத்த பிள்ளையும், "தேர்வுக்கு வராது உட்கார்" என்று அடக்கப்பட்ட பிள்ளையும் ஒன்றே. இரண்டும் கேள்வியை இழந்தவை.

மறைப்பதால் வரும் கேடு ஏட்டோடு நிற்பதன்று. மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமி எப்படித் தோன்றுகிறது? அரைகுறையாக உட்கொண்ட மருந்து மெலிந்த கிருமியைக் கொல்லுகிறது. தாங்கி நின்றது பெருகுகிறது. இதுவும் பரிணாமமே. பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945இலேயே இதை எச்சரித்தார். காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடும் நம் வீட்டார்க்கு, மருத்துவரைக் கேட்காமல் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடாது என்பதன் காரணத்தை யார் சொல்லுவது? பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த மகன் சொல்லியிருக்கலாம். அவனுடைய நூலிலிருந்துதான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டோமே!

தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைத் தொடங்க ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இராபர்ட் புரூசு புட்டு என்ற நிலவியலாளர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். தட்டிச் செதுக்கிய கல், பழங்கற்காலக் கருவி. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கண்டனர். கொசத்தலையாற்றுப் படுகையில் உள்ள அவ்வூரில் கிடைத்த கைக்கோடரிகள் 10 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை, 15 லட்சம் ஆண்டளவு பழமை வாய்ந்தவை என்று 2011இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. நம் இனம் தோன்றியதே 3 லட்சம் ஆண்டளவில்தான் என்றால், அக்கோடரியைச் செய்த கை யாருடையது? நமக்கு முந்திய ஒரு மனித வகையின் கை. தமிழ் பேசாத கை; சாதி அறியாத கை; ஆனால் எண்ணிப் பார்த்து வேலை செய்த கை.

அந்தக் கல்லை வகுப்புக்குக் கொண்டுவரட்டும் ஆசிரியர்; கல் கிடைக்காவிட்டால் படமேனும் கொண்டுவரட்டும். பின்வரிசைச் சிறுவனை எழுப்பட்டும். "தம்பி, அன்று நீ கேட்டாயே, முதலில் இருந்தது யார் என்று. இவர்தான் முதல்வர் என்று ஒருவரைச் சுட்டிக் காட்ட முடியாது; ஆனால் நீ கேட்ட வழியில் நெடுந்தொலைவு போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். வா, அவர்கள் கண்டதைப் பார்ப்போம்" என்று சொல்லட்டும்.

சிறுவன் மறுபடியும் ஒரு கேள்வி கேட்பான். கேட்கட்டும். அதற்குத்தானே பள்ளிக்கூடம்!